டேங்க் ஃபார்ம் – 2: ஒரு நிலை அறிக்கைக்கு உரை

பழைய நூலுக்கு உரை எழுதுவோர் மூலத்தை முழுதாகத் தந்துவிட்டு, பிறகு வரிவரியாகப் பிரிப்பார்கள். இங்கும் அந்த முறைதான். மூலம் மட்டும் செய்யுள் அல்ல. எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் கேபிள் இழுக்கச் செலவாகும் என்று கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர்களைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிகளின் வெப்பம் (டி.டி.), அழுத்தம் (பி.டி.), மட்டம் (எல்.டி.) எல்லாம் ரேடியோ வழியே கேட்வேக்கு வந்து, அங்கிருந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போகின்றன. அந்தக் கேட்வே தன் வலையின் உடல்நிலையைத் தினமும் ஒரு பக்கத்தில் சொல்கிறது. பக்கம் அச்சாகும், கோப்பில் ஏறும், பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை.

அந்தப் பக்கத்துக்குத்தான் இந்த உரை. எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் வயர்லெஸ்ஹார்ட் என்ற இவ்வகை ரேடியோ வலைத் தரத்தின் கேட்வே எதைத் திறந்தாலும் இந்த வகை வரிகளைக் காணலாம்.

மூலம்

வலை: டேங்க் ஃபார்ம் – 2. கருவிகள் 42. பேசுபவை 41. கேட்வேயை நேராக எட்டுபவை 6.
கருவி டி.டி. 117: அனுப்பும் இடைவெளி 60 வினாடி. கடைசித் தகவல் 38 வினாடிக்கு முன்.
நம்பகத்தன்மை 99.97%.
அண்டை: பி.டி. 109, சிக்னல் −68, பாதை நிலைத்தன்மை 88%. எல்.டி. 122, சிக்னல் −81, பாதை நிலைத்தன்மை 54%.
சராசரித் தாமதம் 2.1 வினாடி.
இணைந்த தடவை, 90 நாளில்: 7.
பேட்டரி: டி.டி. 117, 3.5 வோல்ட், மீதம் 2,310 நாள். பி.டி. 109, 3.5 வோல்ட், மீதம் 410 நாள்.
சேனல்: 15-இல் 12 பயன்பாட்டில்.
சேர்க்கைச் சாவி: எல்லாக் கருவிக்கும் ஒன்றே.
டி.டி. 131: தகவல் இல்லை, 19 நாள்.
பார்த்தவர்: ____________

உரை

“கருவிகள் 42. பேசுபவை 41. கேட்வேயை நேராக எட்டுபவை 6.”

வலையின் தொகை கூறியவாறு. 42-க்கு 41 என்றதும் கண் அந்தக் காணாமல்போன ஒன்றைத் தேடி ஓடும். ஓட வேண்டாம், அது பின்னால் வருகிறது. இந்த வரியில் நின்று பார்க்க வேண்டிய எண் 6.

இத்தகைய வலையில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் தன் செய்தியை அனுப்புவதோடு பக்கத்துக் கருவியின் செய்தியையும் வாங்கிக் கடத்துகிறது. கேட்வேக்கு எட்டாத தூரத்தில் இருப்பது, எட்டும் தூரத்தில் இருப்பதன் தோளில் ஏறிப் போகும். எனவே கேட்வேயின் அருகே போதுமான தோள்கள் வேண்டும். வயர்லெஸ்ஹார்ட் வலைகளுக்கான பொறியியல் கையேடு இதற்கு எளிய அளவு வைத்திருக்கிறது: குறைந்தது 5 கருவிகள் கேட்வேயை நேராக எட்ட வேண்டும், வலை வளர்ந்தால், மொத்தத்தில் கால் பங்காவது எட்ட வேண்டும். 42-இல் கால் பங்கு என்றால் 11. இங்கே இருப்பது 6. பேசும் மற்ற 35 கருவிகளின் பேச்சும் இந்த ஆறின் வழியாகத்தான் போகிறது.

வலையை வடிவமைத்தவர் தவறு செய்தார் என்று இதற்குப் பொருளல்ல. முதலில் 12 கருவி போட்டபோது 6 என்பது பாதி. கால் பங்கு விதிக்கு இரு மடங்கு. பிறகு, கேபிள்தான் வேண்டாமே என்ற உற்சாகத்தில், மூலையில் இரண்டு, அடுத்த வரிசையில் மூன்று என்று சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள். கம்பிவழி அமைப்பில் ஒரு கருவி சேர்த்தால் இன்னொரு கருவிக்கு ஒன்றும் ஆகாது. இங்கே சேரும் ஒவ்வொன்றும் வேறொன்றின் சுமை. ஒவ்வொரு விரிவாக்கத்தின்போதும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது; கொள்முதல் ஆணையில் இருப்பதில்லை.

இன்னொன்று. இந்தப் பக்கத்தில் உள்ள எண்களைக் கேட்வே தானாகக் கண்டுபிடிப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தன் உடல்நிலை அறிக்கையை அனுப்புகிறது: எத்தனை செய்தி அனுப்பினேன், எத்தனைக்குப் பதில் வரவில்லை, யார் யார் என் காதில் விழுகிறார்கள், எவ்வளவு உரக்க. அவற்றைத் தொகுத்து, யார் யார் வழியே பேச வேண்டும் என்று தீர்மானிப்பது ‘நெட்வொர்க் மேனேஜர்’ என்ற மென்பொருள். ஆகவே இது நோயாளி தானே எழுதிக் கொடுக்கும் மருத்துவக் குறிப்பு. எழுத முடியாத நிலைக்குப் போய்விட்டவரைப் பற்றி இதில் ஒன்றும் இராது.

“அனுப்பும் இடைவெளி 60 வினாடி. கடைசித் தகவல் 38 வினாடிக்கு முன்.”

நலம். 60-க்குள் 38. பொருள் இவ்வளவுதான், ஆனால் இதனடியில் ஓர் ஆபத்து உண்டு.

கம்பிவழி 4–20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டரில் கம்பி அறுந்தால் மின்னோட்டம் விழும். நாமூர் என்ற ஜெர்மானிய அமைப்பின் என்.ஈ. 43 பரிந்துரைப்படி 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனாலோ 21-க்கு மேலே ஏறினாலோ அது பழுது. கன்ட்ரோல் ரூமில் உடனே தெரியும். கம்பியில்லாக் கருவிக்கு மௌனமே இயல்பு நிலை. ஒரு நிமிடத்தில் சில மில்லிவினாடி பேசும், மீதி நேரம் உறங்கும். அது உறங்குகிறதா செத்துவிட்டதா என்று அடுத்த தவணை வரும்வரை சொல்ல முடியாது. ஒரு தவணை தவறினாலும் முடிவு கட்ட முடியாது. இரண்டு மூன்று தவறிய பிறகே ‘பழைய தகவல்’ என்று குறிப்பது வழக்கம்.

அதுவரை, சில இடங்களில் அதற்குப் பிறகும்கூட, கேட்வே தன் மோட்பஸ் பதிவேட்டில், அதாவது கன்ட்ரோல் ரூம் படிக்கும் இடத்தில், எதை வைத்திருக்கிறது? அது நீங்கள் அமைத்ததைப் பொறுத்தது. கடைசி நல்ல மதிப்பையே வைத்திரு என்று அமைத்திருந்தால், கன்ட்ரோல் ரூம் திரையில் வெப்பம் 64.2 டிகிரியில் நேர்க்கோடாகப் போகும். அதைவிட அழகான, அதைவிடப் பொய்யான கோடு ஆலையில் வேறில்லை. தகவல் நின்றால் எண்ணே அல்லாத மதிப்பை வை என்றும் அமைக்கலாம். அப்போது திரை சிவக்கும், ஆபரேட்டர் எரிச்சலடைவார். எரிச்சலடையட்டும். டேங்க் ஃபார்ம் – 2-இல் எந்த அமைப்பு என்பது இந்த அறிக்கையில் இல்லை. படிப்பவர் கேட்வே அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய முதல் விஷயம் அது.

“நம்பகத்தன்மை 99.97%.”
“அண்டை: பி.டி. 109, சிக்னல் −68, பாதை நிலைத்தன்மை 88%. எல்.டி. 122, சிக்னல் −81, பாதை நிலைத்தன்மை 54%.”

இவ்விரண்டையும் சேர்த்தே உரைக்க வேண்டும். பிரித்தால் முதல் வரி படிப்பவரை ஏமாற்றும்.

நம்பகத்தன்மை என்பது, கருவி கிளப்பிய செய்திகளில் எத்தனை கேட்வேக்கு வந்து சேர்ந்தன என்ற விகிதம். பாதை நிலைத்தன்மை என்பது, ஓர் அண்டைக்கு ஒரு முறை பேசினால் அது கேட்டு ‘பெற்றேன்’ என்று சொல்லும் வாய்ப்பு. முதலாவது முடிவு, இரண்டாவது அந்த முடிவுக்குப் பட்ட பாடு. காது மங்கிய பெரியவரை மூன்று முறை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்; திரும்பிவிட்டார் என்பதால் காது சரியாக இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இவ்வகை வலையில் கருவி ஒரு செய்தியை முதல் அண்டைக்கு அனுப்புகிறது. பதில் இல்லையென்றால் அதே அண்டைக்கு இன்னொரு முறை. அதுவும் இல்லையென்றால் இரண்டாம் அண்டைக்கு. மூன்றும் தவறினால் செய்தி காத்திருந்து அடுத்த சுற்றில் போகும். 88%, 54% என்ற எண்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றில் மூன்று முயற்சியும் தவறும் வாய்ப்பு 0.12 × 0.12 × 0.46, அதாவது சுமார் 0.66%. இரண்டு சுற்றும் தவறும் வாய்ப்பு ஏறக்குறைய 23,000-இல் ஒன்று. அதாவது 99.99%-க்கு மேல்.

இனி, முதல் பாதை 88-லிருந்து 70-க்குச் சரிந்தது என்று கொள்வோம். சாதாரணச் சரிவல்ல; நடுவில் ஏதோ வந்து நின்றிருக்கிறது. இப்போது இரண்டு சுற்றிலும் தவறும் வாய்ப்பு 0.17%. நம்பகத்தன்மை 99.83%. திரையில் பச்சை நிறம் மாறாது; மேலாளருக்குப் போகும் மாத அறிக்கையில் ‘99.8’ என்று பெருமையோடு ஏறும். ஆனால் நூறு செய்தியைச் சேர்க்க முன்பு ஏறக்குறைய 114 முறை கத்த வேண்டியிருந்தது, இப்போது 145 முறை. அந்த வேறுபாடு பேட்டரியிலிருந்து போகிறது, பிறருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்திலிருந்து போகிறது.

இந்த உரை முழுவதும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வலை, தன் நோயையும் தானே மறைத்துக்கொள்ளும். முடிவை மட்டும் பார்ப்பவருக்குக் கடைசி நாள்வரை எல்லாம் நலமாகவே தெரியும். பார்க்க வேண்டியது அது எவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்துகொள்கிறது என்பதை.

மேலே போட்ட கணக்குக்கு ஒரு திருத்தமும் உண்டு. ஒவ்வொரு முயற்சியின் தோல்வியும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று கொண்டால்தான் அது செல்லும். ஆலையில் அப்படியல்ல. டேங்கர் லாரி ஒன்று நடுவே நின்றால் மூன்று முயற்சியும் சேர்ந்தே தவறும். கணக்கு 99.99 என்றும் திரை 99.97 என்றும் சொல்வதற்கு அதுவும், பி.டி. 109-ஐத் தாண்டிக் கேட்வே வரை செய்தி கைமாறும் தாவலும் காரணமாகலாம்.

இனி சிக்னல். −68 என்பது டி.பி.எம். அலகில், எண் பூஜ்யத்தை நோக்கி வந்தால் உரக்க, விலகினால் மெலிய. களத்தில் −75-ஐ நல்லதற்கும் சுமாருக்கும் இடையிலான கோடாக வைத்துக்கொள்கிறார்கள். எல்.டி. 122 அந்தக் கோட்டுக்குக் கீழே. பாதை நிலைத்தன்மைக்கு 60% என்று ஒரு கீழ்வரம்பு சொல்வதுண்டு. 54 அதற்கும் கீழே. கையேடு ஒவ்வொரு கருவிக்கும் மூன்று அண்டையாவது கேட்கிறது. டி.டி. 117-க்கு இருப்பது இரண்டு, அதில் ஒன்று அரைகுறை. ஆக டி.டி. 117 உண்மையில் பி.டி. 109 என்ற ஒற்றைத் தூணில் நிற்கிறது. பி.டி. 109-இன் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் வலுவாக இருந்தும் நிலைத்தன்மை குறைவாக இருப்பதும் உண்டு. அப்போது குற்றவாளி தூரமல்ல, குறுக்கீடு. அல்லது இரும்புப் பரப்புகளில் பட்டுத் திரும்பிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது. இரும்பு சூழ்ந்த இடத்தில் ரேடியோ வேலைக்காகாது என்ற பயம் பழையது, பாதிதான் உண்மை. வட கடலில் ஓடிய பி.பி. நிறுவனத்தின் ‘லாக் ரன்னாக்’ எண்ணெய்க் கப்பலில் இயந்திரங்களின் அதிர்வை அளக்க உணரி வலை வைத்துப் பார்த்தார்கள். அந்த அனுபவம் 2005-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இந்தியாவிலும் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் தானே உருவாக்கிய உணரி வலைகளைத் தன் சோதனை வசதிகளில் நிறுவியிருக்கிறது. இரும்புக்குள் ரேடியோ ஓடும். எந்த இரும்பு எப்போது இடம் மாறுகிறது என்பதுதான் தொல்லை.

“சராசரித் தாமதம் 2.1 வினாடி.”

60 வினாடிக்கு ஒருமுறை வரும் வெப்ப அளவீட்டுக்கு 2 வினாடித் தாமதம் ஒரு பொருட்டல்ல. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. சென்ற மாதத்து எண்ணோடு பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் தாவல்கள் கூடியிருக்கின்றன, அல்லது மறுமுயற்சிகள் கூடியிருக்கின்றன.

தாமதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வலைகளின் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்துக்கு வாழ்கின்றன. காலம் 10 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது; எந்தத் துண்டில், எந்தச் சேனலில், யார் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும் என்று நெட்வொர்க் மேனேஜர் அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. தன் துண்டு இல்லாதபோது கருவி உறங்குகிறது. பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதன் ரகசியம் இந்த உறக்கம்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ‘ஸ்மார்ட் டஸ்ட்’ என்ற தூசியளவு உணரிக் கனவைக் கண்ட கிறிஸ் பிஸ்டர் 2002-இல் தொடங்கிய டஸ்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனம் இந்த நேர அட்டவணை முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. அதன் தொழில்நுட்பம் 2007-இல் வந்த வயர்லெஸ்ஹார்ட்டுக்குள் போய், 2010-இல் ஐ.இ.சி. 62591 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. தூசியளவு கருவி வரவில்லை. வந்தது கைப்பிடி அளவு பேட்டரியும் வெடிகாப்புப் பெட்டியும் கொண்ட கனத்த டிரான்ஸ்மிட்டர். அதுதான் ஆலைக்குத் தேவைப்பட்டது.

கடிகாரம் பிசகினால் எல்லாம் பிசகும். இரு கருவிகளின் குவார்ட்ஸ் படிகங்கள் எதிரெதிர்த் திசையில் பத்து லட்சத்தில் 20 பங்கு வீதம் தவறினால், 30 வினாடியில் இடைவெளி 1.2 மில்லிவினாடி ஆகிவிடும். கேட்பவர் காதைத் திறந்து வைத்திருக்கும் விளிம்பு நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் பேச ஒன்றுமில்லாதபோதும் கருவிகள் அவ்வப்போது ஒன்றையொன்று தட்டி நேரம் சரிபார்த்துக்கொள்கின்றன. வெயிலில் காயும் டாங்கியின் உச்சியிலும் நிழலில் உள்ள குழாயடியிலும் படிகங்கள் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

“இணைந்த தடவை, 90 நாளில்: 7.”

என் பார்வையில் இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான வரி இது. அதிகம் தவறவிடப்படுவதும் இதுவே.

ஒரு கருவி வலையில் ஒரு தடவை இணைந்தால் போதும். மறுபடி இணைந்தது என்றால் நடுவில் பிரிந்தது என்று பொருள்: தன் அண்டைகள் எல்லோரையும் இழந்தது, அல்லது மின்சாரம் போய் வந்தது. பிரிந்த கருவி மறுபடி சேரச் சில நிமிடங்களாவது ஆகும், நெரிசலான வலையில் அதற்கும் மேலே. ஒவ்வொரு சேனலிலும் காது வைத்துத் தேட வேண்டும். அழைப்புச் செய்தியைப் பிடிக்க வேண்டும். சாவி காட்ட வேண்டும். அட்டவணை வாங்க வேண்டும். கருவி மிக அதிகமாக மின்சாரம் தின்னும் வேளைகளில் இது ஒன்று.

இங்கே கூர்ந்து படிப்பவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். ஏழு முறை பிரிந்த கருவிக்கு நம்பகத்தன்மை எப்படி 99.97? 90 நாளில் நிமிடத்துக்கு ஒன்றாக 1,29,600 செய்திகள். அதில் 0.03% என்றால் 39. ஏழு பிரிவுகளுக்கு 39 நிமிடம் போதுமா? ஒவ்வொன்றும் அரை மணி நேரம் நீடித்திருந்தால் 210 செய்தி போயிருக்க வேண்டும். விடை, கணக்கிடும் முறையில் இருக்கக்கூடும். வந்த செய்திகளின் வரிசை எண்ணில் விட்டுப்போனவற்றை மட்டும் எண்ணினால், வலைக்கு வெளியே கழிந்த நேரம் கணக்கிலேயே வராது. உங்கள் கேட்வே எப்படி எண்ணுகிறது என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அந்த ஏழும் எப்போது நடந்தன என்பது. கேட்வேயின் நிகழ்வுப் பதிவில் நேரம் இருக்கும். எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் பிரிந்திருந்தால் பழுது கேட்வேயிலோ அதன் மின்வழங்கலிலோ. டி.டி. 117 மட்டும், அதுவும் லாரிகள் ஏற்ற வரும் பகல் வேளையில் பிரிந்திருந்தால், போய் நின்று பார்த்தாலே தெரியும். ஷட்டவுன் வாரத்தில் தொடங்கியிருந்தால் சாரம் கட்டியிருப்பார்கள். சாரம் என்பது ரேடியோவுக்கு இரும்பு வேலி. மழைக்குப் பின் என்றால் ஆன்டெனா மூட்டிலோ பெட்டி மூடியிலோ தண்ணீர் போயிருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் மெல்ல மெல்லக் கூடியது என்றால் சுற்றுச்சுவரை ஒட்டி நட்ட மரங்களைப் பாருங்கள். மழைத்துளியை விட ஈரம் சுமந்த இலைகளே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பெரிய தடை. பசுமை வளையம் சட்டப்படி வேண்டியதுதான், ஆன்டெனாவை உயர்த்துங்கள்.

இந்த ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நிகழ்வுப் பதிவும், வேலை அனுமதிச் சீட்டுகளின் கட்டும் போதும். இரண்டின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே. ரேடியோ, ஐ.டி. துறையின் வேலை என்று இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களும், டிரான்ஸ்மிட்டர், இன்ஸ்ட்ருமென்ட் துறையின் வேலை என்று ஐ.டி. ஆட்களும் நினைக்கும் ஆலையில் இந்த இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வருவதில்லை.

“பேட்டரி: டி.டி. 117, 3.5 வோல்ட், மீதம் 2,310 நாள். பி.டி. 109, 3.5 வோல்ட், மீதம் 410 நாள்.”

வோல்ட் இரண்டுக்கும் ஒன்று, மீதம் வேறு. முரணில்லை. இவற்றில் இருப்பது லித்தியம் தயோனில் குளோரைடு மின்கலம். புதிதில் 3.6 வோல்ட், தீரும் தறுவாய்வரை கிட்டத்தட்ட அங்கேயே நின்று, பிறகு செங்குத்தாக விழும். ஆகவே வோல்ட்டைப் பார்த்து ஆயுள் சொல்ல முடியாது. ‘மீதம்’ என்பது கருவி தன் செலவைக் கணக்கு வைத்துச் சொல்லும் ஊகம். ஊகமானாலும் ஒப்பிட உதவும்.

ஒப்பிட்டால் தெரிவது: ஒரே வகை பேட்டரி, ஒரே நாளில் போட்டது என்று கொண்டால், பி.டி. 109 பல மடங்கு வேகமாகச் செலவழிக்கிறது. தனக்காக அல்ல. முதல் வரியில் கண்ட அந்த ஆறு தோள்களில் அது ஒன்று. அண்டை வரியில் கண்ட ஒற்றைத் தூண் அது. டி.டி. 117-ஐப் போல இன்னும் எத்தனையோ கருவிகள் அதன் மேல் சாய்ந்திருக்கின்றன. டி.டி. 117-க்கு வைத்தியம் பார்க்கப் போய், நோயாளி வேறொருவர் என்று தெரிகிறது.

410 நாள் கழித்து பி.டி. 109 நின்றால் என்ன ஆகும்? அதன் சுமை மற்ற ஐந்தின் மேல் விழும். அவையும் அதே வயது, அதே தேய்மானம். அடுத்தது இன்னும் விரைவில் போகும். டி.டி. 117 போன்றவை எல்.டி. 122-இன் 54 சதவீதப் பாதையில் தொங்கும்.

பேட்டரி மாற்றலாம்; வெடிப்பு அபாயப் பகுதியிலேயே மாற்றத்தக்க காப்புள்ள பேட்டரிப் பொதிகள் உண்டு. ஆனால் காரணத்தை விட்டுவிட்டு மாற்றினால் அதே வேகத்தில் மறுபடி தீரும். செய்ய வேண்டியது, கேட்வே எட்டும் தூரத்தில் இன்னும் சில கருவிகளைச் சேர்ப்பது. உணரி இணைக்காத டிரான்ஸ்மிட்டரைக் கம்பத்தில் கட்டி, செய்தி கடத்த மட்டும் விடலாம். அல்லது கேட்வேயின் ஆன்டெனாவை உயர்த்தி, உலோகத்திலிருந்து தள்ளிச் செங்குத்தாக நிறுத்தலாம். நெருக்கமான குழாய்க் காட்டில் ஒரு கருவி நம்பத்தக்க வகையில் எட்டும் தூரம் 30 மீட்டர்தான் என்றும், தடையில்லா வெளியில் 230 மீட்டர் என்றும் கையேடு சொல்கிறது. ஆன்டெனாவைச் சற்று உயர்த்தினால் முதல் வகை இரண்டாம் வகையை நோக்கி நகரும்.

பேட்டரியைத் தின்னும் இன்னொரு பழக்கம், அனுப்பும் இடைவெளியைக் குறைப்பது. உற்பத்தி மேலாளர் ஒருவர் கோடு சீராக இல்லை என்பார். டெக்னீஷியன் 60 வினாடியை 4 வினாடியாக்குவார். செய்தி 15 மடங்கு. அது தன் பேட்டரியை மட்டுமல்ல, கடத்தும் தோள்களின் பேட்டரியையும் தின்னும். கேட்வேக்கும் கொள்ளளவு உண்டு. சந்தையில் பரவலான ஒரு வகை, 8 வினாடி இடைவெளியில் 100 கருவிகளைத் தாங்கும். 1 வினாடி என்றால் 12-ஐத்தான் தாங்கும். டாங்கியின் வெப்பம் நான்கு வினாடியில் மாறுவதில்லை.

“சேனல்: 15-இல் 12 பயன்பாட்டில்.”

மூன்று சேனல்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன என்றவாறு. வலை ஒவ்வொரு செய்திக்கும் சேனல் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றில் இரைச்சல் என்றால் அடுத்ததில் பிழைக்கும். ஆலையின் வைஃபை ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்வதால், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ள நமது சேனல்களில் நான்கைந்தை ஒரே வைஃபை மூடிவிடும். மூன்றைத் தடுத்தவர் யார், எப்போது, இன்னும் தேவையா என்று குறிப்பு இருந்தால் நன்று. இல்லையென்றால் தடையை நீக்கிப் பாதை நிலைத்தன்மை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அதிகம் சொல்ல இல்லை.

“சேர்க்கைச் சாவி: எல்லாக் கருவிக்கும் ஒன்றே.”

வலையில் ஓடும் செய்திகள் 128 பிட் ஏ.ஈ.எஸ். முறையில் மறைக்கப்பட்டவை, அதில் குறையில்லை. குறை வாசலில். ஒரே சாவி என்றால், அதை ஒருமுறை கையாண்ட ஒப்பந்த ஊழியர் எவரும் புதிய கருவி ஒன்றை உள்ளே நுழைக்க முடியும். 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், ஒப்பந்த நிறுவன வேலையை விட்டுப் போன ஊழியர் ஒருவர் தன்னிடமிருந்த ரேடியோவால் கழிவுநீர்ப் பம்புகளுக்குக் கட்டளையிட்டு, 8 லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காவிலும் ஆற்றிலும் விட்டார். அது வேறு வகை ரேடியோ, வேறு காலம். ஆனால் பழைய ஆள் கையில் செல்லுபடியாகும் வழி இருந்தது என்பது ஒன்றுதான். கருவிக்கொரு சாவியும், அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலும் தரம் அனுமதிப்பவையே. சோம்பலைத் தவிரத் தடையில்லை.

“டி.டி. 131: தகவல் இல்லை, 19 நாள்.”

முதல் வரியில் காணாமல்போன ஒன்று. கழற்றி எடுத்துவிட்ட கருவியாக இருந்தால் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இல்லையென்றால் நாளை இன்னொன்று நின்று ‘40’ என்று வந்தாலும் அந்தப் பழையதுதான் என்று கண் தாண்டிப் போகும். கழற்றாத கருவியாக இருந்தால், 19 நாளாக அந்த டாங்கியின் வெப்பத்தைக் கன்ட்ரோல் ரூம் எதைப் பார்த்துச் சொல்கிறது என்று கேளுங்கள். இரண்டாம் வரிக்குச் சொன்ன நேர்க்கோடு இங்கே இருக்கலாம்.

“பார்த்தவர்: ____________”

இந்த வரிக்கு உரை இல்லை. நிரப்ப இடம்தான் இருக்கிறது. உங்கள் ஆலையிலும் இப்படி ஒரு பக்கம் இருந்தால், வாரத்துக்கு ஒருமுறை அதைப் படிக்க இன்ஸ்ட்ருமென்ட் துறையில் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள். நம்பகத்தன்மையை விட்டுவிடச் சொல்லுங்கள். பாதை நிலைத்தன்மை, இணைந்த தடவை, தோள்களாக நிற்கும் கருவிகளின் பேட்டரி: இந்த மூன்றையும் சென்ற வாரத்து எண்ணோடு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.